எட்டு வருஷம் தாண்டியும் இந்த வாழைப்பழம் அழுகலையே: கிங் கிசர்டின் மைக்ரோடோனல் ஆல்பமும் விமர்சகர்களும்

#1 கல்லுக்குள்பல்லி

மக்களே, போன வாரம் மழையில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப கிங் கிசர்டுங்கற மெல்பர்ன் ராக் குழுவோட 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா' ஆல்பத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் மூணு தடவை கேட்டேன். கேட்டுட்டு, 2017 பிப்ரவரி 24 அன்னைக்கு ஆல்பம் வந்த சமயத்து விமர்சனங்களைத் தேடி உட்கார்ந்து படிச்சேன். பொதுவா நல்லாத்தான் எழுதியிருக்காங்க, கிழிச்சுத் தொங்கவிட்டவங்க கம்மி. ஆனா படிக்கப் படிக்க ஒண்ணு உறுத்துச்சு.

நான் படிச்சதுல பாதிக்கு மேல ஒரே அச்சு. முதல் பத்தி பூரா கணக்கு: இந்த வருஷம் அஞ்சு ஆல்பம் போடப் போறாங்களாம், இது முதலாவது, முடியுமா? (முடிஞ்சுது. அஞ்சாவது 'கம்பூட் சூப்' டிசம்பர் 31ந்தேதி வந்துச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்த கடைசி நாள்.) ரெண்டாவது பத்தியில, மைக்ரோடோனல்னா பியானோவோட பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல இருக்குற சுரம்னு ஒரு வரி பாடம். மூணாவது பத்தியில, "ஆனா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு". அவ்வளவுதான், மார்க் போட்டுக் கிளம்பிட்டாங்க.

அந்த மூணாவது பத்தியோடதான் என் சண்டை. 'ஒரே மாதிரி'ங்கறது இங்க குறை இல்ல, அதுதான் வேலையே. சாதாரண கிட்டார்ல ஒரு எட்டுக்குள்ள (ஸ-வுல இருந்து மேல் ஸ வரைக்கும்) 12 படி, ஒவ்வொண்ணும் 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்குற அலகு). இவங்க கிட்டார்ல 50 சென்ட்டுக்கு ஒரு படி. கார்டுன்னா சேர்த்து அடிக்கிற சில சுரங்கள். சந்தோஷமா ஒலிக்கிற மேஜர் கார்டோட மூன்றாம் சுரம் 400, சோகமா ஒலிக்கிற மைனரோடது 300. நடுவுல 350ல ஒரு சுரம் கிடைச்சா அது சந்தோஷமும் இல்ல, சோகமும் இல்ல. ராக் பாட்டை அறுபது வருஷமா இழுத்துட்டு வந்த கார்டு வண்டி அங்க நின்னுடும். அதனால இவங்க கார்டைக் கழட்டி ஓரமா வெச்சுட்டாங்க. பேஸும் டிரம்ஸும் ஒரே இடத்துல நிக்குது, கிட்டாரும் குரலும் ஒரே வரியைக் கையைப் புடிச்சுட்டுப் போகுது. 'ஸ்லீப் டிரிஃப்டர்' கேளுங்க, பாடுறதைத்தான் கிட்டார் வாசிக்குது. கார்டு மாறலையேன்னு கேக்குறது, தம்புரா ஏன் மெட்டு வாசிக்க மாட்டேங்குதுன்னு கேக்குற மாதிரி.

உங்க அபிப்ராயம்?

#2 தூங்காநகர்வாசி

தல, வக்கீலாப் போயிருக்கலாம் நீங்க. 'ராட்டில்ஸ்னேக்' ஏழே முக்கால் நிமிஷம். அதுல பாட்டுப் பேரைத் தவிர வேற என்ன சொல்றாங்க? மூணாவது நிமிஷத்துல நான் எந்திரிச்சு டீ போட்டுட்டு வந்தேன், அப்பவும் பாம்பு அதே இடத்துலதான் படம் எடுத்து நிக்குது.

இதுக்கு முந்தின வருஷம் 'நோனகான் இன்ஃபினிட்டி' போட்டவங்க இவங்க. கடைசிப் பாட்டு முடியுற இடத்துல முதல் பாட்டு தொடங்கும், ரிப்பீட்ல போட்டா முடிவே கிடையாது. அதுக்கு 2016ல ஆஸ்திரேலிய இசைத்துறையோட ஏரியா விருது, ஹார்டு ராக் / ஹெவி மெட்டல் பிரிவுல. அந்த வேகத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த வாழைப்பழம் சவ்வு மிட்டாய். விமர்சகர் சொன்னது சரிதான். ஒரு யோசனை கிடைச்சுது, அதையே ஒன்பது தடவை சொல்லிட்டாங்க.

#3 நெறியாளர்

தலைப்பைப் பாத்ததுமே எனக்குப் பயம்தான். முன்கூட்டியே சொல்லிடறேன்: 'இன்னொரு பழம் எங்கே' ஜோக் போடுறவங்களுக்கு ரெண்டு நாள் தடை. தொடருங்க.

#4 சுருதிப்பெட்டி

நான் ராக் ஆள் இல்லை. தம்பி ஒருத்தன் காரில் போட்டுக் காட்டித்தான் தெரியும். பதினோரு வருஷம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டவள் என்ற தகுதியில் ஒரு கேள்வி. இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? தோடி ராகத்தின் காந்தார சுரத்தை ஒருமுறை ஒழுங்காக அசைத்துப் பாடினால் அதில் இவர்களின் ஆல்பம் முழுவதும் அடங்கிவிடும். கட்டைக்கு நடுவே சுரம் இருப்பது நம் ஊரில் பாட்டு கற்கும் குழந்தைக்கே தெரியும். மேல்நாட்டு விமர்சகர்கள் 'புதுமை' என்று எழுதும்போது சிரிப்பு வருகிறது.

#5 ஆறாம்தந்தி

அக்கா சொல்றது பாதி சரிங்க. மீதிப் பாதியில ஒரு சின்ன சங்கதி இருக்குதுங்க.

அசைச்சுப் பாடற கமகத்துல நீங்க அந்த இடத்தைத் தொட்டுட்டுப் போறீங்க. தோடி காந்தாரம் ஒரு இடத்துல நிக்கறதே இல்லைங்களே, அது ஆடுது. இவிங்க அந்த நடு இடத்துல போய் உக்காந்துக்கறாங்க. கிட்டார் கழுத்துல ஃப்ரெட்டை (சுரத்துக்கு இடம் காட்டற குறுக்குக் கம்பி) அடிச்சு வெச்சாச்சு, விரலை வெச்சா அந்த 150 சென்ட்தான் வரும். அசைவு இல்லாம, வழிஞ்சு போகாம, தந்தியை இழுக்காம, அப்படியே நிக்கும். அதைக் கேக்கறப்ப நம்ம காதே "ஏனுங், சுதி சேரலையா"ன்னு கேக்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகுன காதுக்குத்தான் இது இன்னும் அதிகமா குத்தும்னு எனக்குத் தோணுது. எங்க அப்பாரு நாதஸ்வரப் பைத்தியம். 'ஓப்பன் வாட்டர்' கேட்டுட்டு, பையன் கிட்டாரைத் தொலைச்சுட்டு வந்துட்டான்னுதான் நெனச்சாரு.

#6 சுருதிப்பெட்டி

@ஆறாம்தந்தி, இது நியாயமான பதில். 'தொடுவது வேறு, நிற்பது வேறு' என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு 'ஓப்பன் வாட்டர்' கேட்டேன். ரிஷபம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ நாற்காலியை அரை அடி நகர்த்தி வைத்துவிட்டார்கள். உட்காரப் போய் விழுந்தேன்.

#7 வைகறைவாசகன்

இருபத்திரண்டு சுருதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையிலேயே ஏழு சுரங்களுக்கும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று மொத்தம் 22 அலகு கணக்கு உண்டு. ஆக மைக்ரோடோனல் இசையை உலகுக்குத் தந்தது...

#8 நெறியாளர்

நண்பரே, அதுக்குத் தனி இழை இருக்கு, 140 பக்கம் தாண்டி ஓடுது. இங்க வேண்டாம்.

#9 ஆறாம்தந்தி

போறபோக்குல ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேனுங்க. இருபத்திரண்டு சுருதிங்கறது எட்டை 22 சமத் துண்டா வெட்டறதில்லை. அந்தத் துண்டுக சுமார் 90, 70, 22 சென்ட்னு மூணு அளவுல வரும்னு சொல்லுவாங்க. அதுல 50 கெடையாது. ரெண்டையும் ஒரே பையில போட வேண்டாம். சரி, நெறியாளர் அண்ணே, நிறுத்திட்டேன்.

#10 ஒலிப்பேழை

விமர்சகர்கள் கோட்டைவிட்ட இடம் வேறு என்று நினைக்கிறேன். கல்லுக்குள்பல்லி கார்டு பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்த ஆல்பத்தின் தாத்தா யார் என்பதைப் பலர் ஒரு வரியில் 'மத்தியக் கிழக்குச் சாயல்' என்று கடந்துபோனார்கள். அந்தச் சாயலுக்கு முகவரி உண்டு. துருக்கி.

1960களின் கடைசியிலிருந்து 70கள் வரை இஸ்தான்புல்லில் ஒரு பெரிய அலை. எர்கின் கோராய், பாரிஷ் மான்சோ, மோகொல்லார், செல்டா பாஜான். நாட்டுப்புற மெட்டை எடுத்து, ஃபஸ் கிட்டாரும் (கரகரக்கும் மின் கிட்டார்) டிரம்ஸும் சேர்த்து அடித்தார்கள். பாக்லமா என்கிற சாஸ் வாத்தியத்துக்கே மின் இணைப்புக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வாத்தியத்தில் ஃப்ரெட் உலோகம் அல்ல, கழுத்தைச் சுற்றிக் கட்டும் நரம்பு. வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம்.

கிங் கிசர்டின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. குழுவின் முன்னணிப் பாடகர் ஸ்டூ மெக்கன்சி கையில் பாக்லமா. அதன் ஃப்ரெட் அமைப்பைப் பார்த்து நண்பர் ஒருவரிடம் சொல்லிச் செய்த மஞ்சள் கிட்டாரின் பெயர்தான் ஆல்பத்தின் பெயர். அதன் சிக்கல் என்னவென்றால், அந்தக் கிட்டாரோடு வேறு எந்த வாத்தியமும் சேராது. அதனால் ஆளுக்கு 200 டாலர் கொடுத்து, வாங்கிய வாத்தியத்தை மைக்ரோடோனலாக மாற்று என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு, ஹார்மோனிகா வரை மாற்றினார்கள். போதாததற்கு ஸ்டூ சுர்னா வேறு ஊதுகிறார். நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். தலைப்புப் பாடலில் பாடல் வரியே கிடையாது, சுர்னாதான் பேசுகிறது.

ஒரு திருத்தமும் உண்டு. இது துருக்கி இசை அல்ல. துருக்கிக் கோட்பாட்டில் ஒரு முழுச்சுரத்தை 'கோமா' என்ற ஒன்பது சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். சரிபாதி அங்கே முறையல்ல. எட்டைச் சரியாக 24 ஆக வெட்டும் அளவு அரபு இசைக் கோட்பாட்டில் வந்தது, அதையும் 1932 கெய்ரோ மாநாட்டில் அடித்துக்கொண்டார்கள். ஆக இந்த மெல்பர்ன் பையன்கள் செய்தது துருக்கி வாத்தியத்தைப் பார்த்து, தங்களுக்கு எளிதான அளவில் ஒரு மொந்தன் பழம். அசல் என்றும் சொல்லமுடியாது, திருட்டு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

#11 தூங்காநகர்வாசி

@ஒலிப்பேழை, திருட்டு இல்லன்னு எப்படி பாஸ் சட்டுனு தள்ளுபடி பண்றீங்க? செல்டா பாஜான் 80கள்ல ஜெயிலுக்கே போனவங்க. அந்தப் பாட்டுகளுக்குப் பின்னாடி வலி இருக்கு. இவங்க அதுல சத்தத்தை மட்டும் உருவி எடுத்துட்டு, வாழைப்பழம்னு பேரு வெச்சு விளையாடுறாங்க. விமர்சகர்கள் இதைக் கேக்கலங்கறதுதான் என் புகார்.

#12 யாராவின்கரை

வணக்கம். நான் மெல்பர்ன்லதான் இருக்கிறன், யாழ்ப்பாணத்தில இருந்து வந்து பதினேழு வருசம். தூங்காநகர் தம்பி கேட்டதுக்கு ஒரு சின்ன விளக்கம்.

இந்த ஆல்பம் பதிவு செய்தது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில, அவையின்ர ஃப்ளைட்லெஸ் இசைத்தட்டுக் கம்பனி இடத்தில. அதே வருசம் 'ஸ்கெட்சஸ் ஆஃப் பிரன்ஸ்விக் ஈஸ்ட்' எண்டு ஊர்ப் பேரிலயே ஒரு ஆல்பமும் விட்டவை. அந்தப் பக்கம் சிட்னி றோட்டால நடந்து பாத்தவைக்கு விளங்கும். லெபனான்காரரின்ர வெதுப்பகம், துருக்கிக்காரரின்ர கடை, கிரேக்கர், இத்தாலியர். பின்னேரம் கடைக்குள்ளால வாற பாட்டில பாதி அந்தக் கால்சுரத்திலதான் (நீங்கள் சொன்ன 50 சென்ட் படி) இருக்கும். நான் முதல்ல வந்த காலத்தில அங்கதான் ஒரு அறையில வாடகைக்கு இருந்தனான். உந்தச் சத்தம் எனக்கு 'கிழக்கத்தேயம்' இல்லை, காலமை பாண் வாங்கப் போற சத்தம்.

அவைக்கும் அப்பிடித்தான் இருந்திருக்குமோ எண்டது என்ர ஊகம், ஆதாரம் ஒண்டும் இல்லை. ஆனா 'தூரத்தில இருந்து உருவினது' எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

அதோட பாட்டு வரியளைப் பாருங்கோ. 'பில்லபாங் வேலி' ஆரைப் பற்றினது? மாட் டோக் மோர்கன் எண்ட 19ம் நூற்றாண்டு அவுஸ்திரேலியக் காட்டுக் கொள்ளைக்காரன். அதைப் பாடுறது குழுவில ஒராளான ஆம்ப்ரோஸ் கெனி-ஸ்மித். மெட்டு அங்க, கதை இங்க. எங்கட ஆக்கள் பைலாவில (போர்த்துக்கேயர் வழியா வந்த ஆட்டப் பாட்டு) கலியாணக் கதை பாடின மாதிரி.

#13 தூங்காநகர்வாசி

@யாராவின்கரை அண்ணே, பாண் வாங்கப் போற சத்தம்னதும் வாயடைச்சுப் போச்சு. முழுசா ஒத்துக்கல. ஆனா மோர்கன் கதை எனக்குத் தெரியாது, இத்தனை நாளா அதைக் கௌபாய்ப் பாட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். மறுபடி கேக்கறேன்.

#14 நடுநிசிநாய்

நான் ரொம்ப நாள் ஒளிஞ்சு வாசிக்கிற ஆள், முதல் பதிவு. ரசிகர்கள் பக்கம் பத்தியும் பேசணும்ல? விமர்சகர்களை மட்டும் குறை சொல்றோம். ஆல்பம் வந்த புதுசுல வெளிநாட்டு ரசிகர் குழுக்கள்ல நானும் இருந்தேன். நான் பாத்த வரைக்கும் அங்க ரெண்டு கட்சி. ஒண்ணு, நம்ம தூங்காநகர் மாதிரி வேகம் குறைஞ்சுடுச்சுன்னு அழுதவங்க. இன்னொண்ணு, 'நூக்ளியர் ஃப்யூஷன்' தொடக்கத்துல வர்ற அந்தக் கிணத்துக்குள்ள இருந்து பேசுற குரலுக்கே விழுந்தவங்க. சுர்னாவுக்கு ஒரு தனிப் போர் நடந்துச்சு. ஹெட்போன்ல அது வரும்போது நானே காதைப் பொத்தியிருக்கேன்.

ஒரு சுவாரசியம்: அப்போ 'ஒரே மாதிரி'ன்னு திட்டுன என் நண்பன் ஒருத்தன் இன்னைக்கு 'நோனகான்' போட்டா எரிச்சல் படுறான், இதைத்தான் போடச் சொல்றான். காது பழக நாளாகுது. விமர்சனம் எழுதுறவருக்கு அந்த நாள் கிடைக்கறதில்ல. நாலு மாசத்துல அடுத்த ஆல்பம் மேசைக்கு வந்துடுது. ஜூன்ல 'மர்டர் ஆஃப் த யுனிவர்ஸ்' வந்தாச்சு, வாழைப்பழத்தைப் பத்தி மறுபடி யோசிக்க யாருக்கு நேரம்?

#15 கல்லுக்குள்பல்லி

@நடுநிசிநாய், நாலு பக்கமா நான் எழுத நெனச்சதை நாலு வரியில சொல்லிட்டீங்க. ஒளிஞ்சே இருந்திருக்கலாம், எனக்காவது பேரு கிடைச்சிருக்கும். :)

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அட்டையிலேயே 'மைக்ரோடோனல் சுருதித் தேடல், தொகுதி 1'ங்கற அர்த்தத்துல துணைத்தலைப்பு போட்டிருந்தாங்க. நிறைய பேர் அதை நக்கல்னு எடுத்துக்கிட்டாங்க. தொகுதி 2 'கே.ஜி.' 2020 நவம்பர்ல, தொகுதி 3 'எல்.டபிள்யூ.' 2021 பிப்ரவரியில வந்துச்சு. ரெண்டையும் சேர்த்து ஒரே சங்கிலி, 'கே.ஜி.'யோட கடைசிப் பாட்டு 'எல்.டபிள்யூ.'வோட முதல் பாட்டுக்குள்ள நுழையும். அப்பத்தான் விமர்சகர்கள்ல சிலர், ஓ இது சும்மா வித்தை காட்டல போலன்னு எழுத ஆரம்பிச்சாங்க. நாலு வருஷம் தாமதம்.

#16 யாராவின்கரை

அந்த ரெண்டும் மெல்பர்ன் ஊரடங்கு நேரம் செய்தது, ஆளாளுக்கு வீட்டில இருந்து. அந்த வருசம் நாங்கள் வீட்டில இருந்து அஞ்சு கிலோமீற்றருக்கு அங்கால போகேலாது. எனக்கு அந்தக் காலத்தின்ர சத்தம் அந்த ஆல்பங்கள்தான், அதால நடுநிலையாக் கதைக்க ஏலாது. 'ஈஸ்ட் வெஸ்ட் லிங்க்' எண்ட பாட்டைக் கேட்டு வெளிநாட்டு ரசிகர் சிலர் கிழக்கு மேற்குத் தத்துவம் எண்டு எழுதினதைப் பாத்துச் சிரிச்சனான். அது எங்கட ஊர் றோட்டுத் திட்டம். கன காசு செலவழிச்சுப் பிறகு கைவிட்டது. எலக்சனுக்கு எலக்சன் அதைப் பற்றிச் சண்டை.

#17 சுருதிப்பெட்டி

மூன்று தொகுதியையும் கேட்டுவிட்டேன் (தம்பி மிகவும் பெருமைப்படுகிறான்). என் தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்காது. முதல் தொகுதிதான் சிறந்தது. பின்னால் வந்தவற்றில் அந்தச் சுரங்கள் அவர்களுக்குப் பழகிவிட்டன, அதனால் எல்லாப் பாட்டுக்கும் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். 'இன்ட்ராஸ்போர்ட்' நடனப் பாட்டாகவே ஆகிவிட்டது. முதல் ஆல்பத்தில் ஒரு பயம் கேட்கிறது. புதிதாகப் படியேறும் குழந்தை கைப்பிடியை விடாமல் ஏறுவது போல, ஒரே ஆதார சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் அதைத் 'தம்புரா' என்றீர்கள். எனக்கு அது கைப்பிடி.

#18 கல்லுக்குள்பல்லி

அக்கா, இது என் #1ஐ அடிச்சு நொறுக்குது. நான் அவங்க தெரிஞ்சே கார்டை விட்டாங்கன்னு வாதாடினேன், நீங்க பயத்துல பிடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்றீங்க. அப்படிப் பாத்தா 'ஒரே மாதிரி'ன்னு சொன்ன விமர்சகர் சரியாத்தான் கேட்டிருக்கார், காரணத்தை மட்டும் தேடல. ரெண்டு நாள் யோசிக்க விடுங்க.

#19 தூங்காநகர்வாசி

மறுபடி கேட்டேன். 'பில்லபாங் வேலி' நல்லாருக்கு. 'அனாக்ஸியா' பரவால்ல. 'ராட்டில்ஸ்னேக்'குக்கு இன்னும் டீ போடுற நேரம்தான், ஆனா இந்தத் தடவை டீயைக் கலக்கும்போது கை தானா அந்தத் தாளத்துல கலக்குச்சு. தோல்வின்னு எழுதிக்கோங்க, பாதி.

எங்க கேக்கறதுன்னு தேடுறவங்களுக்கு: 2025 ஜூலையில அவங்க ஸ்பாட்டிஃபையை விட்டு வெளிய வந்துட்டாங்க. அந்தக் கம்பெனித் தலைவர் ராணுவத் தொழில்நுட்பத்துல காசு போட்டார்னு எதிர்ப்பு. பேண்ட்கேம்ப்ல தேடுங்க.

#20 ஆறாம்தந்தி

எல்லாரும் பேசிட்டே இருக்கீங்க, நான் வேலையில இறங்கிட்டேனுங்க.

முதல்ல ஒரு பட்டறைக்கு பழைய கிட்டாரைத் தூக்கிட்டுப் போய், நடுவுல நடுவுல ஃப்ரெட் அடிச்சுக் கொடுங்கன்னு கேட்டேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "கிட்டாரை ஏன் சார் கெடுக்கறீங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு.

அப்புறம் ஒலிப்பேழை அண்ணன் சொன்ன பாக்லமா ஞாபகம் வந்துச்சு. கட்டித்தானே வெக்கறாங்க? தடிமனான தூண்டில் நரம்பு வாங்கிட்டு வந்தேன். என் கிட்டார்ல தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். கணக்குப்படி முதல் ஃப்ரெட் 36.4ல, அதுக்கு முந்துன கால்சுரம் நட்டுல (கழுத்து நுனியில தந்தி தாங்கற கட்டை) இருந்து 18.4ல. மேல போகப் போக இடமே இல்லைங்க. 17க்கும் 18க்கும் நடுவுல மொத்தமே 13.6, அதைப் பாதியாக்குனா ஒரு விரல் நுனிகூட நுழையாது. அதனால கீழ நாலு இடத்துல மட்டும் கட்டுனேன். நரம்பு உலோக ஃப்ரெட் உயரத்துக்கு வரோணும், இல்லாட்டி அடுத்த ஃப்ரெட்ல போய்த் தட்டும். ரெண்டு சுத்து சுத்துனா உயரம் சரியாச்சு.

#21 ஒலிப்பேழை

அருமை. எப்படி ஒலிக்கிறது?

#22 ஆறாம்தந்தி

'ஸ்லீப் டிரிஃப்டர்' மாதிரி ஏதோ வருதுங்க. மொதல் பத்து நிமிஷம் எனக்கே குமட்டுச்சு. அப்புறம் வழக்கமான ஒரு கார்டு புடிச்சுப் பாத்தேன், அதுல மூன்றாம் சுரத்தை மட்டும் கட்டுன நரம்புல வெச்சு. அக்கா சொன்ன நாற்காலி விஷயம் அப்பத்தான் கையில புரிஞ்சுது. கார்டுன்னு சொல்ல முடியல, ரெண்டு பேர் ஒரே கதவுல நுழையப் பாக்கற மாதிரி. அதையே ஒத்தத் தந்தியில, கீழ ஒரு சுரத்தை அடிச்சுட்டே வாசிச்சா இனிக்குது. கார்டை விட்டது தைரியமா பயமான்னு எனக்குத் தெரியாதுங்க, விரலுக்கு வேற வழி தெரியல.

அப்பாரு எட்டிப் பாத்து, "சுதி சேத்துட்டு வாசிப்பா"ன்னாரு. சேத்துத்தான் இருக்குதுன்னேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, "அந்த ரெண்டாவது எடத்துல மட்டும் ஒரு நூல் கீழ எறக்கிப் பாரு"ன்னுட்டுப் போயிட்டாரு.

எறக்கப் போயி கட்டு அவுந்துருச்சு. நாளைக்கு மறுபடி கட்டோணும்.